பெரிய டீச்சரின் 84 பாட்டுகளும் ஒரு பிடிஎஃப் கோப்பும்



போன மாதம் முழுக்க இந்தப் பக்கமே காணோமே என்று உள்பெட்டியில் சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு பழைய கடனை அடைத்துக்கொண்டிருந்தேன். பணக் கடன் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமானது. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1982இல் நான் இடைநிலை ஆசிரியையாக முதன்முதலில் சேர்ந்தது ஓர் ஈராசிரியர் பள்ளி. இன்று அது திருவாரூர் மாவட்டம், அன்று தஞ்சாவூர் மாவட்டம். பயிற்சிப் பள்ளியில் வாங்கிய சான்றிதழ் புதிதாகக் கையில் இருந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாய்விட்டு அழுதால் என்ன செய்வது என்று தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் தலைமையாசிரியை. ஊரில் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். அதனால் நான் சின்ன டீச்சர் ஆகிவிட்டேன். 66 வயதாகியும் அந்த ஊருக்குப் போனால் நான் சின்ன டீச்சர்தான்.

"அழுற பிள்ளையைச் சமாதானம் பண்ணாதே, பாடு. தானா நிறுத்திட்டுக் கேக்கும்" என்பார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பாட்டு இருந்தது. கழித்தலில் கடன் வாங்குவதற்கு ஒன்று, ல, ள, ழ மூன்றையும் நாக்கில் பிரித்துக் காட்ட ஒன்று, மழைக்காலத்தில் கூரை ஒழுகும்போது பிள்ளைகளை ஒரு மூலையில் உட்கார வைக்க ஒன்று. எல்லாம் அவரே கட்டியவை. நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் ஊதா மையில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 84.

அவர் 2001இல் ஓய்வு பெற்றார். அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்த புதிது அது. செயல்வழியாகச் சொல்லிக்கொடுங்கள், பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள் என்று பயிற்சிகளில் பேச ஆரம்பித்திருந்தார்கள். இவர் இருபது வருடமாக அதைத்தானே செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. 2003இல் நான்தான் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டவுனில் இருந்த ஒரு டிடிபி சென்டருக்குப் போனேன். பள்ளி விட்டதும் பஸ் பிடித்துப் போய், தட்டச்சு செய்யும் பையன் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக வாசிப்பேன். இரண்டு மாதம் ஆனது. புத்தகமாக அச்சடிக்கக் காசில்லை. ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள்.

"இது பிடிஎஃப் டீச்சர். எந்தக் கம்ப்யூட்டர்ல வேணும்னாலும் திறக்கலாம். ஒரு எழுத்து மாறாது" என்றான் பையன்.

அதை அப்படியே பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னேன். நோட்டின் ஓரத்தைக் கரையான் அரிக்கத் தொடங்கியிருந்த நேரம். "இனிமே அந்த நோட்டு எதுக்கு டீச்சர்? எல்லாம் சிடியில பத்திரமா இருக்கு. அழியவே அழியாது" என்றேன். என் வாக்கை நம்பினார். பழைய பேப்பர்காரர் வந்த ஒரு நாளில் அந்த நோட்டும் எடைக்குப் போனது.

என் கடன் இதுதான்.

போன மாதம் பெரிய டீச்சரின் மகள் போன் செய்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து பார்க்கிறேன், எனக்கு இன்றும் அவள் பாப்பாதான். டீச்சருக்கு இப்போது 82. ஒரு வருடமாக நினைவு மங்கிக்கொண்டு வருகிறது. சில நாள் மகளையே யார் என்று கேட்கிறார். பார்வையும் குறைந்துவிட்டது. "ஆனா அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதா மட்டும் அம்மா பாட ஆரம்பிக்கிறாங்க. ரெண்டு வரி பாடிட்டு நின்னுடறாங்க. எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரியலை. அந்த சிடியைத் தேடி எடுத்தேன். திறந்தா எல்லாம் என்னமோ இங்கிலீஷ் எழுத்தா வருது. கெட்டுப்போச்சு போல இருக்கு அக்கா."

அவள் அனுப்பிய கோப்பை என் போனில் திறந்தேன். அட்டையில் டீச்சர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடந்தன. மடிக்கணினியில் திறந்தேன், அதே கதை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நோட்டை எடைக்குப் போடச் சொன்ன வாய் இது.

மறுநாள் எங்கள் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பிளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில்தான் அவன் கணினியே கற்றான். அந்தக் கணினிகளில் விண்டோஸும் இருக்கும், பாஸ் என்ற லினக்ஸும் இருக்கும். எல்லோரும் விண்டோஸில் படம் பார்த்தபோது இவன் லினக்ஸை நோண்டிக்கொண்டிருந்தான். இப்போது அதுவே அவனுக்குப் பிழைப்பு.

கோப்பை அவனுக்கு அனுப்பினேன். அவன் ஒரு சின்னக் கட்டளையைக் கொடுத்து, அந்தக் கோப்பில் என்னென்ன எழுத்துருக்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்துக் காட்டினான். ஒரே பெயர், பாமினி. பக்கத்தில் 'உள்ளே பதிக்கப்பட்டுள்ளதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"டீச்சர், கட்டுச்சோறு கட்டி அனுப்பியிருக்காங்க. குழம்பு வைக்க மறந்துட்டாங்க" என்றான். என் பிள்ளைகள் என் பாணியிலேயே எனக்குப் பாடம் நடத்துவார்கள்!

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஒரு வேஷம். கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். 'அம்மா' என்று திரையில் தெரியும், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த 'எம்' எழுத்துக்கு 'அ' என்று வேஷம் கட்டிவிடுவதுதான் எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும், உள்ளே இருக்கும் ஆள் அப்படியே தெரிவார்.

பிடிஎஃப் என்ற ஏற்பாடே இந்தத் தொல்லை கூடாது என்பதற்காக வந்ததுதான். அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக் 1991இல் ஒரு திட்டம் எழுதினார். ஒரு கணினியில் செய்த ஆவணம் வேறு எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் போட்டாலும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்பது நோக்கம். 1993இல் அது வெளியே வந்தது. 2008இல் உலகத் தரமாகவே ஏற்றுக்கொண்டார்கள். இன்று அது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமான முறை இல்லை. எழுத்து, படம், எது எந்த இடத்தில் என்ற அளவு, எழுத்துருவின் வடிவம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடலாம். ஆனால் எழுத்துருவை மூட்டைக்குள் வைப்பதும் வைக்காததும் அன்றைக்குக் கட்டியவர் கையில் இருந்தது. கோப்பின் அளவு குறையட்டும் என்று வைக்காமல் விட்டவர்கள் உண்டு. எங்கள் சிடியில் நடந்தது அதுதான். டிடிபி பையன் கணினியில் பாமினி இருந்தது, அதனால் அவனுக்குச் சரியாகத் தெரிந்தது. அவன் மீது தப்புச் சொல்ல மாட்டேன். சரியாகத் தெரிகிறதா என்று வேறொரு கணினியில் போட்டுப் பார்க்க எனக்கும் தோன்றவில்லையே.

பாமினி என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பரணில் எங்கள் பழைய கணினி கிடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. பள்ளிக்குக் கேள்வித்தாள் அடிப்பதற்காக அதில் பாமினி போட்டிருந்தேன். முட்டி வலியோடு ஸ்டூல் மேல் ஏறி, வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு அதை இறக்கினேன். போட்டதும் தேதி எங்கோ பத்திருபது வருடம் பின்னால் நின்றது. சிடி தட்டு வெளியே வரவில்லை. முன்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், தெரியுமா? குண்டூசியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியை நேராக உள்ளே விட்டு அழுத்தினால் தட்டு வெளியே வரும். காகிதம் கோக்கும் கிளிப்பை நிமிர்த்தி விட்டேன். வந்தது.

கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தில் டீச்சர் பெயர், தமிழில். அடுத்த பக்கம் கழித்தல் பாட்டு. அதே கோப்பு, அதே சிடி. திரையைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "தூசி" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மாணவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் சிரித்தான். "டீச்சர், நீங்க பரண்ல ஏறியிருக்கவே வேண்டாம். அந்த இங்கிலீஷ் குப்பைதான் பாட்டு. அதை அப்படியே காப்பி பண்ணி மாத்தி எடுத்துக்கலாம்."

எனக்கு இது பெரிய பாடம். கெட்டுப்போனது என்று மூன்று நாள் நாங்கள் அழுத அந்தக் குப்பையில் டீச்சரின் ஒவ்வோர் எழுத்தும் வரிசை மாறாமல் இருந்திருக்கிறது. அதை வாசிக்கும் கண்ணாடிதான் எங்களிடம் இல்லை.

பாமினி எழுத்தை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவச மென்பொருள்கள் உண்டு. இந்தப் பக்கம் குப்பையை ஒட்டினால் அந்தப் பக்கம் தமிழ் வரும். யூனிகோடில் 'அ' என்றால் 'அ'தான், வேஷம் இல்லை. எந்த எழுத்துருவில் போட்டாலும் தமிழாகவே இருக்கும். விண்டோஸில் லதாவோ நிர்மலாவோ, மேக்கில் இணைமதியோ, லினக்ஸில் லோகித்தோ, ஆண்ட்ராய்டு போனில் நோட்டோவோ, சட்டை மாறும், ஆள் மாற மாட்டார்.

மாற்றியதில் இரண்டு வேடிக்கை. ஒரு பாட்டில் டீச்சர் ஆங்கிலத்தில் ஏ பி சி என்று போட்டிருந்தார். கன்வெர்ட்டருக்கு அது உண்மையான ஆங்கிலம் என்று எப்படித் தெரியும்? அதையும் தமிழாக்கி 'யுடீஊ' என்று வைத்துவிட்டது. இன்னொன்று கொஞ்சம் தீவிரமானது. அந்தக் காலத் தட்டச்சில் 'ர' போட வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டுவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். 'மரம்' என்பது 'மாம்' என்று இருக்கும், வாசிக்கும்போது நம் மூளை மரம் என்றே படித்துக்கொண்டு போய்விடும். 84 பாட்டில் அப்படி எத்தனை? ஒப்பிட்டுப் பார்க்க நோட்டு இல்லை. அந்த நோட்டு எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும்.

எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடம் விட்டு 60 பக்கம் ஆக்கினேன். பாப்பாவின் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், அட்டைப்படம் வரைந்து தருகிறேன் என்றான். அவனிடம் இருப்பது மேக். என் வேர்டு கோப்பை அப்படியே அனுப்பினேன். "பாட்டி, 71 பக்கம் வருதே" என்றான். நான் போட்ட எழுத்துரு அவனிடம் இல்லை. அவன் கணினி தன்னிடம் இருந்த வேறொன்றைப் போட்டுக்கொண்டது, அது கொஞ்சம் அகலம், வரிகள் வழிந்து ஓடிவிட்டன. பிறகு பிடிஎஃப்பாக அனுப்பினேன். 60 பக்கம் 60 பக்கமாகவே போய்ச் சேர்ந்தது. மேக்கில் இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாமாம். அச்சிடும் பெட்டியிலேயே பிடிஎஃப்பாகச் சேமிக்க வழி உண்டு. அதோடு வரும் பிரிவியூவில் பக்கங்களின் சின்னப் படங்களை விரலால் இழுத்து முன்னே பின்னே வைக்கலாம். அட்டையை அப்படித்தான் சேர்த்தான்.

அச்சுக்கு வழி பிறந்தாயிற்று. ஆனால் டீச்சருக்குக் கண் தெரியாதே. போன் வாசித்துக் காட்டினால் கேட்பாரே என்று பாப்பா ஆசைப்பட்டாள். முதலில் நான் 'அச்சிடு' வழியாகப் பிடிஎஃப் செய்திருந்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது, வாசிக்கச் சொன்னால் போன் உளறியது. ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டிப் பார்த்தேன். 'கொடி' என்பது 'ெகாடி' என்று விழுந்தது. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முன்னால் இருக்கிறது அல்லவா, காப்பி செய்தபோதும் அதே வரிசையில் வந்துவிட்டது. அரசு அறிவிப்புகளிலிருந்து காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது நீங்களும் இந்தக் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். மாணவன் சொல்லி, லிப்ரெ ஆபீஸில் 'பிடிஎஃப்பாக ஏற்றுமதி' என்ற வழியில் செய்தேன். என் கணினியில் அது சரியாக வந்தது. போன் ஒழுங்காக வாசித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். டீச்சர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "யாரு, மருந்துக் கடைப் பொண்ணா?" என்றார். ஆமாம் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போனில் முதல் பாட்டைப் போட்டேன். இயந்திரக் குரல். பாடாது, வாசிக்கும். டீச்சர் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது பாட்டில் ஒரு வரி, 'மாம் ஏறி' என்று வாசித்தது.

"மாமா? மரம்!" என்றார் டீச்சர். "திருப்பிச் சொல்லச் சொல்லு."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

அன்றும் அடுத்த மூன்று நாளும் அங்கேயே தங்கிவிட்டேன். போன் வாசிக்கும், டீச்சர் திருத்துவார், நான் குறித்துக்கொள்வேன். ழகரத்தைப் போன் சரியாகச் சொல்லாதபோதெல்லாம் "நாக்கை மடி" என்று போனை அதட்டினார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லாதவருக்கு 84 பாட்டில் எந்தச் சொல் எங்கே என்பது நினைவில் இருந்தது. மொத்தம் 31 பிழை பிடித்தோம். 37ஆவது பாட்டில் மூன்று வரிதான் இருந்தது. போன் நிறுத்தியதும் இவர் நிறுத்தவில்லை, நான்காவது வரியைப் பாடினார். அன்று டிடிபி சென்டரில் வாசிக்கும்போது நான்தான் அதைத் தாண்டியிருக்க வேண்டும். 2003இலிருந்து எந்தக் கோப்பிலும் இல்லாத வரி அது. இப்போது இருக்கிறது.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு "நல்லா எழுதுறே. பயிற்சி முடிச்சிருக்கியா?" என்று கேட்டார். முடித்திருக்கிறேன் டீச்சர் என்றேன்.

என் வயதுக்காரர்களுக்கும் ஓய்வு பெற்ற சக ஆசிரியர்களுக்கும் நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். வாத்தியார் புத்தி, எண் போடாமல் வராது.

1. பிடிஎஃப் செய்ய இன்று எந்தக் கணினியிலும் காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 10 முதல் அச்சிடும் பட்டியலிலேயே அந்த வசதி இருக்கிறது. மேக்கிலும் ஆண்ட்ராய்டு போனிலும் அப்படியே. லிப்ரெ ஆபீஸ் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம்.

2. செய்து முடித்ததும் உங்கள் கணினியில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அதில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வேறு ஒருவர் போனுக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள்.

3. அடோபி ரீடரில் கோப்பின் 'பண்புகள்' பகுதியில் எழுத்துருக்கள் என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பதிக்கப்பட்டது என்று இருக்கிறதா பாருங்கள்.

4. ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் நாளைக்குத் தேடவும் முடியும், கண் தெரியாதவர் கேட்கவும் முடியும்.

5. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு குப்பையாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். உள்ளே ஆள் உயிரோடு இருக்கலாம்.

6. இதுதான் முக்கியம். பிடிஎஃப் என்பது சோறு. சாப்பிடலாம், பரிமாறலாம், விதைக்க முடியாது. திருத்தக்கூடிய மூலக் கோப்புதான் விதைநெல். எங்கள் பக்கத்தில் பஞ்ச காலத்திலும் விதைநெல்லைத் தொட மாட்டார்கள். இரண்டையும் வைத்திருங்கள், இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

ஏழாவதாக ஒன்று. கையெழுத்து நோட்டு இருந்தால், என்னைப் போன்றவர்கள் வந்து என்ன சொன்னாலும், எடைக்குப் போடாதீர்கள்.

புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. முதலில் 50 பிரதிதான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் யாருக்காவது பிடிஎஃப் வேண்டுமென்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பாப்பாவிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ பழைய சிடி ஏதாவது கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போட்டுப் பாருங்கள். தட்டு வராவிட்டால் கிளிப்பை நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சின்ன டீச்சர்